வாத்தின் காலும் காற்புள்ளியின் காலும்: நிறுத்தக்குறிப் பெயர்கள் சொல்லும் வரலாறு



ஈப்போவில் படிவம் மூன்று மாணவர்களுக்கு ஒரு சிறு பயிற்சி கொடுத்திருந்தேன். "காற்புள்ளி: பிரித்து எழுதிப் பொருள் கூறுக." இரண்டு புள்ளிக்கான கேள்வி. ஒரு மாணவன் இப்படி எழுதியிருந்தான்: "கால் + புள்ளி. புள்ளிக்குக் கால் முளைத்திருப்பதால் காற்புள்ளி எனப்படும்."

பிரித்து எழுதியதற்கு ஒரு புள்ளி கொடுத்தேன். பொருளுக்குச் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி போட்டேன். தாளைத் திருப்பிக் கொடுத்ததும் பையன் எழுந்து வந்துவிட்டான்.

"ஏன் ஐயா தப்பு? பாருங்க, புள்ளிக்குக் கீழ ஒரு கால் தொங்குதே."

"இங்கே கால் என்றால் உடம்பில் இருக்கிற கால் இல்லைப்பா. நாலில் ஒரு பங்கு."

"சரிங்க ஐயா. ஆனா நாலில் ஒரு பங்க ஏன் காலுன்னு சொல்றோம்?"

இருபது வருடத்துக்கு மேல் பாடம் சொல்லிக் கொடுத்தவன் நான். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. "நாளைக்குச் சொல்றேன்" என்று சமாளித்தேன். அந்த 'நாளை' வருவதற்கு ஒரு மாதம் ஆயிற்று. தேடியதில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். வகுப்பில் யாராவது இதே கேள்வியைக் கேட்டால் உங்களுக்குக் கைகொடுக்கும்.

கால், அரை, முக்கால், முற்று

முதலில் நம் வீட்டுக் கணக்கைப் பார்த்துவிடுவோம். நிறுத்தக்குறிகளில் நான்கின் பெயர்கள் ஒரே வரிசையில் நிற்கின்றன. காற்புள்ளி (,), அரைப்புள்ளி (;), முக்காற்புள்ளி (:), முற்றுப்புள்ளி (.). கால், அரை, முக்கால், முழுமை. இது வடிவத்தைப் பார்த்து வைத்த பெயர் வரிசை இல்லை. அளவைப் பார்த்து வைத்தது. 'முக்காற்புள்ளி' என்ற பெயரே இதற்குச் சான்று. அந்தக் குறியில் இருப்பவை இரண்டு புள்ளிகள். மூன்று காலும் இல்லை, ஒரு காலும் இல்லை. ஆகவே 'முக்கால்' என்பது ¾ என்ற அளவைத்தான் குறிக்க முடியும். முக்கால் அளவு என்றால் அதே வரிசையில் முதலில் நிற்கும் 'கால்' என்பதும் ¼ தான்.

எதனுடைய அளவு? நிறுத்தத்தின் அளவு. வாய்விட்டுப் படிக்கும்போது எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதன் அளவு. ஆங்கிலேயப் பள்ளிகளில் ஒரு காலத்தில் இப்படி ஒரு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தார்கள்: முதல் குறிக்கு ஒன்று எண்ணும் நேரம் நில், இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு மூன்று, கடைசிக்கு நான்கு. நான்கை ஒரு முழுமையாக வைத்துக்கொண்டால் ஒன்று என்பது கால், இரண்டு என்பது அரை, மூன்று என்பது முக்கால். நம் பெயர் வரிசை அப்படியே வந்துவிடுகிறது.

இதற்கும் முன்பே தமிழில் இதே வரிசை இருக்கிறது என்பதுதான் அழகு. மாத்திரை என்றால் இயல்பாகக் கண் இமைக்கும் நேரம் அல்லது கைந்நொடிக்கும் நேரம் என்று படித்திருக்கிறோம். அந்தக் கைந்நொடியையும் நான்காகப் பிரித்து விளக்கும் ஒரு மரபு பழைய இலக்கண உரைகளில் உண்டு. நொடிக்க நினைப்பது கால் மாத்திரை, விரலை ஊன்றுவது அரை, முறுக்குவது முக்கால், விடுவது ஒன்று. நிறுத்தக்குறிகளுக்குப் பெயர் வைத்தவர்கள் இதை நினைத்துத்தான் வைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நேரத்தைக் கால், அரை, முக்கால், ஒன்று என்று அளக்கும் பழக்கம் தமிழுக்குப் புதிதல்ல என்பதை மாணவர்களுக்குக் காட்டலாம். வகுப்பில் எல்லாரையும் ஒரு முறை மெதுவாகச் சொடக்குப் போடச் சொல்லுங்கள். பாடம் தானாக ஏறிவிடும்.

சரி, அளவுதான் என்று ஆகிவிட்டது. என் சிவப்புக் குறி சரியே என்று நிம்மதியாக இருந்திருக்கலாம். பையனின் இரண்டாவது கேள்வி விடவில்லை. அதற்கு விடை தேடிப் போனபோதுதான் ஜெர்மன் மொழியில் ஒரு வாத்து குறுக்கே வந்தது.

ஜெர்மன்காரரின் வாத்துக்கால்

ஜெர்மன் மொழியில் மேற்கோட்குறிக்கு இரண்டு பெயர்கள் உண்டு. இலக்கண நூலில் வரும் பெயர் 'அன்ஃபூருங்ஸ்ட்ஸைஹன்'. எடுத்துக்காட்டுவதற்கான குறி என்று பொருள். மக்கள் வாயில் புழங்கும் பெயர் 'கென்ஸஃபூஸ்ஹென்'. அதைப் பிரித்தால் மூன்று துண்டுகள் வரும்.

கென்ஸ: வாத்துகள். 'கன்ஸ்' என்றால் ஒன்று. ஆங்கிலத்தில் கூஸ் என்கிறார்களே, அந்தப் பெரிய வாத்து. 'கென்ஸ' என்பது அதன் பன்மை.
ஃபூஸ்: பாதம். ஆங்கிலத்தின் ஃபுட் இதன் உடன்பிறப்பு.
ஹென்: சிறியது என்று காட்டும் விகுதி.

மொத்தத்தில் 'வாத்தின் குட்டிப் பாதங்கள்'. ஜெர்மன் எழுத்தில் மேற்கோளின் தொடக்கக் குறி வரியின் அடியிலும், முடிவுக் குறி வரியின் மேலேயும் வரும், இப்படி: „ “. ஈரமண்ணில் வாத்து நடந்து போன தடம் மாதிரி அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. டென்மார்க்கில் அதே குறிக்கு 'வாத்தின் கண்கள்' என்று பெயர். ஹங்கேரியில் 'பூனை நகம்'. குறி கிட்டத்தட்ட ஒன்றுதான். பார்த்தவர் கண்ணுக்கு எது நெருக்கமோ அது பெயராகிவிட்டது.

ஜெர்மன்காரர்கள் இலத்தீன், கிரேக்கப் பெயர்களை அப்படியே வைத்துக்கொள்ளாமல் சொந்தச் சொற்களைக் கோத்துக் கலைச்சொல் உருவாக்குவதில் ஆர்வம் காட்டியவர்கள். 17ஆம் நூற்றாண்டில் இது ஓர் இயக்கமாகவே நடந்தது. காற்புள்ளிக்கு 'பைஷ்ட்ரிஹ்', அதாவது 'பக்கக் கோடு' என்ற பெயர் ஆஸ்திரியாவில் இன்றும் வழக்கில் உள்ளது. அரைப்புள்ளி 'கோட்டுப்புள்ளி', முக்காற்புள்ளி 'இரட்டைப்புள்ளி'. மலாய்மொழிப் பாடத்தை நினைத்துப் பாருங்கள். அரைப்புள்ளிக்கு 'கோமா பெர்நொக்தா' என்கிறோம். புள்ளி வைத்த கோமா என்று அர்த்தம். முக்காற்புள்ளிக்கு 'தீத்தேக் பெர்திண்டே'. ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் புள்ளிகள். ஜெர்மனும் மலாயும் கண்ணால் பார்த்துப் பெயர் வைத்தன. தமிழ் காதால் கேட்டுப் பெயர் வைத்தது.

கீழ்ப் பேராக்கில் கேட்ட ஒரு பழமொழி

வாத்துக்காலைப் படித்ததும் எனக்கு என் சிறுவயது ஞாபகம் வந்தது. எங்கள் குடும்பம் கீழ்ப் பேராக்கில் பாகான் டத்தோ பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தது. அந்தப் பகுதித் தோட்டங்களில் தெலுங்கர்களும் நிறைய. எங்கள் லயத்தில் அடுத்த வீட்டு அவ்வா தெலுங்குக்காரர். விடியற்காலையில் பெரட்டுக்குக் கிளம்பும்போது வாளியின் கைப்பிடி கழன்று விழுந்தாலோ, பால்வெட்டுக்குப் போன உடனே மழை பிடித்துக்கொண்டாலோ, "ஆதிலோனே அம்சபாது" என்று தலையில் அடித்துக்கொள்வார். ஆரம்பமே கோணல் என்ற அர்த்தத்தில்தான் எங்களுக்கு அது விளங்கியது. அம்சபாது என்றால் என்ன என்று யாரும் கேட்டதில்லை.

இப்போதுதான் தெரிகிறது. ஹம்சபாதம் என்பது ஓர் எழுத்துக்குறி! எழுதும்போது ஒரு சொல் விட்டுப்போனால், விட்ட இடத்துக்குக் கீழே ^ என்று போட்டு, விட்ட சொல்லை மேலே எழுதுகிறோம் அல்லவா? அந்தக் குறிக்குத் தெலுங்கில் ஹம்சபாது. கன்னடத்தில் ஹம்சபாதம். இந்தி இலக்கணத்தில் ஹம்சபத். எழுதத் தொடங்கிய முதல் வரியிலேயே விடுபட்டுப்போய் இந்தக் குறியைப் போட வேண்டி வந்தால் எப்படி இருக்கும்? அதுதான் அவ்வாவின் பழமொழி. தொடக்கத்திலேயே திருத்தம்.

ஹம்சம் என்றால் அன்னம். பாதம் என்றால் கால். அன்னத்தின் கால்! ஜெர்மன்காரரின் வாத்துக்காலும் தெலுங்கு அவ்வாவின் அம்சபாதும் ஒரே பொருள்.

பொருள் மட்டுமா? இல்லை. இங்கேதான் சொல்லாராய்ச்சி நம்மை ஆச்சரியப்படுத்துகிறது. சமஸ்கிருதமும் ஜெர்மனும் ஒரே மொழிக் குடும்பத்தின் தூரத்து உறவுகள். ஜெர்மன் 'கன்ஸ்', ஆங்கில 'கூஸ்', சமஸ்கிருத 'ஹம்ஸ' மூன்றும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. அதுபோல 'ஃபூஸ்', 'ஃபுட்', 'பாத' மூன்றும் ஒரே வேர். சமஸ்கிருதத்தில் 'ப' இருக்கும் இடத்தில் ஜெர்மானிய மொழிகளில் 'ஃப' வரும் என்பதை ஜேக்கப் கிரிம் 1822இல் ஒழுங்கான விதியாகத் தொகுத்துக் காட்டினார். ஆமாம், சின்ன வயதில் நாம் படித்த கிரிம் சகோதரர் கதைகளின் அதே கிரிம்தான். அந்த விதிப்படி பார்த்தால் 'கென்ஸஃபூஸ்' என்ற தொடரும் 'ஹம்சபாத' என்ற தொடரும் வேருக்கு வேர் ஒன்றே.

ஆனால் அவசரப்படக் கூடாது. ஒரு முக்கியமான எச்சரிக்கையை மாணவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். ஜெர்மன்காரர் இந்தியாவிலிருந்து இந்தப் பெயரைக் கடன் வாங்கவில்லை. இந்தியாவும் அவர்களிடமிருந்து வாங்கவில்லை. குறிகளும் வேறு. ஒன்று மேற்கோளைக் காட்டுவது, மற்றொன்று விடுபட்டதைக் காட்டுவது. வேர்ச்சொற்கள் பழைய சொத்து. அவற்றைச் சேர்த்துத் தொடராக்கியது அந்தந்த ஊர்க்காரரின் தனித்தனி வேலை. மண்ணில் பதிந்த பறவைத் தடத்தை எல்லா ஊர்க்காரரும்தானே பார்க்கிறார்கள்? இரண்டு சொற்கள் ஒத்திருந்தால் உடனே 'அங்கிருந்து வந்தது' என்று முடிவுகட்டுவது சொல்லாராய்ச்சி ஆகாது.

காக்கைக் காலும் புள்ளடியும்

தமிழில் இந்தக் குறிக்குப் பெயர் இல்லையா? இருக்கிறது. காகபாதம். காக்கையின் கால். ஏடுகளில் விட்டுப்போன எழுத்தைக் காட்டும் குறிக்கு இந்தப் பெயர் உண்டு. இசை படிப்பவர்களுக்கு இது தெரிந்த சொல். தாள உறுப்புகள் ஆறில் கடைசியானது காகபாதம். அட்சரக் கணக்கு 16. எழுதும் குறி +. அதுவும் பறவைக்கால் வடிவந்தான்.

அதைவிட அருமையான தனித்தமிழ்ச் சொல் ஒன்று இருக்கிறது. புள்ளடி. புள் என்றால் பறவை. அடி என்றால் பாதம். பறவைப் பாதம். இலங்கைத் தமிழர்களிடம் இந்தச் சொல் இன்றும் உயிரோடு இருக்கிறது. தேர்தலில் வாக்குச்சீட்டில் X போடுவதை அவர்கள் 'புள்ளடி இடுதல்' என்கிறார்கள். நாம் அதை 'பங்கா' என்றோ 'பெருக்கல் குறி' என்றோ சொல்லிவிட்டுப் போகிறோம். என் மாணவனின் தாளில் நான் சிவப்பு மையில் போட்டதும் ஒரு புள்ளடிதான்.

மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். புள்ளடி வேறு, புள்ளி வேறு. 'புள்ளடி என்பதுதான் புள்ளி ஆயிற்று' என்று யாராவது சுவையாகச் சொன்னால் நம்பிவிடாதீர்கள். ஒலி ஒத்திருப்பது மட்டும் சான்றாகாது.

நாலில் ஒரு பங்கு ஏன் கால்?

பாதம் என்ற வடசொல்லைத் தேடும்போது பையனின் கேள்விக்கு வழி திறந்தது. 'பாத' என்ற சொல்லுக்குச் சமஸ்கிருதத்தில் கால் என்றும் பொருள், நாலில் ஒரு பங்கு என்றும் பொருள். செய்யுளில் நான்கில் ஒரு பகுதியையும் பாதம் என்பார்கள். ஜாதகத்தில் ஒரு நட்சத்திரத்துக்கு நான்கு பாதம் என்கிறோமே, அதுவும் இதுதான். காரணம் எளிது. ஆடு, மாடு, குதிரைக்கு நான்கு கால். அதில் ஒரு கால் என்பது நாலில் ஒன்று.

தமிழிலும் அதே இரட்டைப் பொருள். கால் என்றால் உறுப்பு. கால் என்றால் ¼. நாலுகால் உயிரை வைத்துத்தான் இந்த அளவுப் பெயர் வந்தது என்ற விளக்கம் இங்கும் பொருந்துகிறது. இதன்படி பார்த்தால் பையன் சொன்னது நேர்ப்பொருளில் தப்பு, அடிவேரில் தப்பில்லை. காற்புள்ளியின் 'கால்' காற்பங்கு. அந்தக் காற்பங்கோ மாட்டின் காலிலிருந்து நடந்து வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எழுத்தின் வடிவத்தைப் பார்த்து 'கால்' என்று சொல்லும் பழக்கமும் தமிழில் உண்டு. ா என்பதைத் துணைக்கால் என்கிறோம். ெ என்பது கொம்பு. கொம்பும் காலும் வைத்து எழுத்தை ஒரு மாடு மாதிரி பார்த்த இனம் நாம். அந்தப் பழக்கத்தில்தான் பையனும் 'புள்ளிக்குக் கால் முளைத்தது' என்று எழுதினான். அவன் யோசித்த முறையில் பிழை இல்லை. தமிழ் மாணவன் யோசிக்க வேண்டிய முறையில்தான் யோசித்தான்.

நிறுத்தக்குறி யாருடையது?

இந்த இடத்தில் வகுப்பில் வேறொரு கேள்வி வரும். "ஐயா, நிறுத்தக்குறி எல்லாம் வெள்ளைக்காரன் கொடுத்ததா? நம்மகிட்ட இல்லையா?" இதற்கு இரண்டு பக்கமும் மிகைப்படுத்திப் பதில் சொல்கிறார்கள். நடந்தது இதுதான்.

புள்ளி நம்முடையது. மெய்யெழுத்து புள்ளி பெறும் என்பது தொல்காப்பியம் சொல்லும் இலக்கணம். குறில் எகர ஒகரத்துக்கும் அந்தக் காலத்தில் புள்ளி உண்டு. ஆய்தத்தைத் தொல்காப்பியம் 'முப்பாற்புள்ளி' என்கிறது. (முக்காற்புள்ளியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) ஆனால் இந்தப் புள்ளிகள் எழுத்தின் ஒலியைக் காட்டுபவை, வாக்கியம் எங்கே நிற்கிறது என்று காட்டுபவை அல்ல. ஓலைச்சுவடியில் மெய்ப்புள்ளியைக் கூடப் பெரும்பாலும் இடுவதில்லை. சொற்களுக்கு நடுவே இடைவெளியும் விடுவதில்லை. யாப்பும் எதுகை மோனையும் தெரிந்தவன் எங்கே நிற்க வேண்டும் என்று தானே கண்டுகொள்வான்.

வாக்கிய நிறுத்தத்துக்குக் குறி போடுவது கிரேக்கத்தில் தொடங்கிய பழக்கம். கி.மு. 200 அளவில் அலெக்சாந்திரியா நூலகத்தில் இருந்த பைசாந்தியத்து அரிஸ்டோபனீஸ், சிறு நிறுத்தம், நடு நிறுத்தம், முழு நிறுத்தம் என மூன்றுக்கும் மூன்று உயரங்களில் புள்ளி வைத்தார். கோமா என்ற சொல்லுக்குக் கிரேக்கத்தில் 'வெட்டிய துண்டு' என்று பொருள். கோலன் என்றால் 'உறுப்பு', அதாவது கை, கால் போன்ற அவயவம். நம் பழைய இலக்கண நூல்களில் காற்புள்ளிக்கு 'உறுப்பிசைக்குறி' என்று ஒரு பெயர் உண்டு. அரைப்புள்ளி 'தொடரிசைக்குறி', முற்றுப்புள்ளி 'முற்றிசைக்குறி'. அங்கேயும் உறுப்பு, இங்கேயும் உறுப்பு.

இந்தக் குறிகள் தமிழுக்கு வந்தது அச்சோடு. தமிழெழுத்தில் அச்சான முதல் நூல்களில் ஒன்றான தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது. அதற்குப் பிறகு தமிழ் அச்சுக்கலையில் பெரிய அடி எடுத்து வைத்தவர் ஒரு ஜெர்மன்காரர். பார்த்தலோமேயு சீகன்பால்கு 1706 ஜூலையில் தரங்கம்பாடிக்கு வந்தார். அவருக்காகத் தமிழ் அச்செழுத்துகள் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டன. அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு 1714-1715இல் தரங்கம்பாடியில் அச்சானது. அவர் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஹாலேயில் வெளிவந்தது. வாத்துக்கால் போட்டு எழுதும் நாட்டுக்கும் நமக்கும் உள்ள உறவு முந்நூறு வருடம் தாண்டியது.

உரைநடை பெருகப் பெருக, குறிகளின் தேவையும் பெருகியது. 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822-1879) தம் பதிப்புகளிலும் பாடநூல்களிலும் நிறுத்தக்குறிகளை ஒழுங்காகப் பயன்படுத்தி வழிகாட்டினார். ஆக, மாணவனுக்குச் சொல்ல வேண்டிய பதில் இது: குறிகள் ஐரோப்பிய அச்சோடு வந்தன, பெயர்கள் நம் கணக்கிலிருந்தும் இலக்கணத்திலிருந்தும் எழுந்தன. வந்ததை வந்தது என்று சொல்வதில் வெட்கமும் இல்லை, நம்முடையதை நம்முடையது என்று சொல்வதில் கர்வமும் இல்லை.

ஒரு கடிதமும் ஒரு கப்பலும்

"பேர் தெரிந்து என்ன ஆகப்போகுது, குறி போடத் தெரிஞ்சா போதாதா?" என்று கேட்கலாம். குறி போடாததால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் வீட்டுக் கதை ஒன்று.

1930களில் என் தாத்தா தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார். ஊரில் அவருக்கு ஓர் அண்ணன், ஒரு தம்பி. ஒருநாள் தம்பியிடமிருந்து கடிதம் வந்தது. தாத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. தோட்டப் பள்ளி வாத்தியார்தான் வாசித்துக் காட்டினார். அதில் இப்படி ஒரு வரி: 'அண்ணன் நான் வைகாசியில் கப்பல் ஏறுகிறேன் என்று சொல்லிவிட்டார்'.

தாத்தாவுக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணன் வருகிறார்! இரண்டு நாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை என்று தெலுக் ஆன்சனில் ரயிலேறி, பிறையில் இறங்கி, ஃபெர்ரியில் பினாங்குக்குப் போய்க் காத்திருந்தார். கப்பலிலிருந்து இறங்கியது தம்பி. அண்ணன் ஊரிலேயே இருந்துவிட்டார். தம்பி எழுத நினைத்தது, 'நான், அதாவது கடிதம் எழுதும் நான், கப்பல் ஏறுவதாக அண்ணன் எல்லாரிடமும் சொல்லிவிட்டார்' என்பது.

எழுதியதில் இலக்கணப் பிழை இல்லை. படித்ததிலும் பிழை இல்லை. 'நான்' யார் என்று காட்டத்தான் அங்கே ஒன்றும் இல்லை. அண்ணன், "நான் வைகாசியில் கப்பல் ஏறுகிறேன்" என்று சொல்லிவிட்டார் என எழுதினால் வருபவர் அண்ணன். மற்றபடி, 'நான் வைகாசியில் கப்பல் ஏறுவதாக அண்ணன் சொல்லிவிட்டார்' என்று அயற்கூற்றில் எழுதியிருந்தால் வருபவர் தம்பி. தாத்தா பிறகு ஊருக்குப் போகவே இல்லை. அண்ணனை மறுபடி பார்க்காமலே கண்ணை மூடினார். தம்பி வந்த சந்தோஷத்தையும் அண்ணன் வராத ஏமாற்றத்தையும் ஒரே நாளில் அனுபவித்தேன் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார் என்பார்கள்.

தமிழில் 'என்று' என்ற சொல் பெரும்பாலான இடங்களில் மேற்கோட்குறியின் வேலையைச் செய்துவிடும். அதனால்தான் குறி இல்லாமலே நம் முன்னோர் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் எழுதினார்கள். ஆனால் 'என்று' மேற்கோள் எங்கே முடிகிறது என்று மட்டுமே காட்டும். எங்கே தொடங்குகிறது என்று காட்டாது. அந்தத் தொடக்கத்தைக் காட்டத்தான் நமக்கு இந்தக் குறி வேண்டியிருக்கிறது. நேர்க்கூற்று, அயற்கூற்றுப் பயிற்சியை வெறும் தேர்வுக் கேள்வியாக நினைக்கும் மாணவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

அன்னம் பாலையும் தண்ணீரையும் பிரிக்கும் என்பது நம் மரபில் சொல்லும் கற்பனை. மேற்கோட்குறி செய்வதும் அந்த வேலைதான். அடுத்தவர் பேச்சையும் நம் பேச்சையும் பிரித்துக் காட்டுகிறது. ஜெர்மன்காரர் வேறு காரணத்துக்காக வைத்த வாத்துக்கால் நமக்கு இப்படியும் பொருந்திப்போகிறது.

தேர்வுக்கு நினைவில் கொள்ள

1. கால் + புள்ளி = காற்புள்ளி. லகர மெய் வல்லினத்தின் முன் றகரமாகத் திரிந்தது. (பல் + பொடி = பற்பொடி, கல் + கோயில் = கற்கோயில் போல.)

2. மூன்று + கால் + புள்ளி = முக்காற்புள்ளி. இங்கே கால் என்பது ¼.

3. அரை + புள்ளி = அரைப்புள்ளி; முற்று + புள்ளி = முற்றுப்புள்ளி. இரண்டிலும் வல்லினம் மிகும்.

4. மேற்கோள் + குறி = மேற்கோட்குறி. ளகர மெய் டகரமாகத் திரிந்தது. (முள் + செடி = முட்செடி போல.) 'கோள்' என்பது 'கொள்' என்ற வினையிலிருந்து வந்த முதனிலை திரிந்த தொழிற்பெயர்.

5. புள் + அடி = புள்ளடி. தனிக்குறிலை அடுத்து வந்த மெய், உயிர் வந்ததால் இரட்டித்தது. (கல் + அடி = கல்லடி போல.)

வகுப்பில் செய்ய ஒரு பயிற்சி: மாணவர்களை அவரவர் வீட்டில் பேசும் மொழிகளில், தெரிந்த பிற மொழிகளில், நிறுத்தக்குறிகளுக்கு என்ன பெயர் என்று கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். எது கண்ணால் பார்த்து வைத்த பெயர், எது காதால் கேட்டு வைத்த பெயர் என்று பிரிக்கச் சொல்லுங்கள். நம் பேராக்கில் அதற்கு மொழிகளுக்குப் பஞ்சமே இல்லை.

கடைசியாக அந்தப் பையன் விஷயம். ஒரு மாதம் கழித்து அவனுடைய தாளைத் திரும்ப வாங்கி, இதையெல்லாம் வகுப்பில் சொன்னேன். "அப்ப எனக்குப் புள்ளி உண்டா ஐயா?" என்று கேட்டான். காற்பங்கு என்று எழுதாததால் முழுப் புள்ளி கொடுக்க முடியாது. ஆனால் நான் இருபது வருடமாகக் கேட்காத கேள்வியை அவன் கேட்டிருக்கிறான். சிவப்புப் புள்ளடியை அடித்துவிட்டு, பக்கத்தில் ¼ என்று எழுதிக் கொடுத்தேன்.

அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "காற்புள்ளி, ஐயா!"